பள்ளியில் பேரரசுகளின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலனிய ஆட்சியை வகுப்பில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். வரலாறு சொல்லித்தருவது என் வேலை. இந்தப் பாடத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு, அவற்றை மறைக்கவில்லை.

பேரரசு, காலனியம், ஏகாதிபத்தியம் மூன்றும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. பல மக்களை ஒரே மையத்திலிருந்து ஆளும் அமைப்பு பேரரசு. தொலைவில் உள்ள நிலத்தைக் கைப்பற்றி, அதன் மண்ணையும் மக்களின் உழைப்பையும் தன் தேவைக்குத் திருப்பிக்கொள்வது காலனியம். அப்படிக் கைப்பற்றுவது தன் உரிமை, சில நேரம் தன் கடமை என்றுகூட ஒரு நாடு நம்பிச் செயல்படுவது ஏகாதிபத்தியம். பள்ளி அளவில் இந்த விளக்கம் போதும்.

பாடநூல்கள் பொய் சொல்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது இலக்கண வகுப்பில் படித்த விஷயம்: எழுவாய்.

‘1770-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. லட்சக்கணக்கானோர் மாண்டனர்.’ இப்படி ஒரு பத்தி இருந்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் பஞ்சம் தானாக வந்தது, மக்கள் தாமாக மாண்டார்கள் என்பதுபோல ஒலிக்கிறது. மழை பொய்த்தது உண்மை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1765-ல், வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றிருந்தது. சாவுக்கு நடுவிலும் கம்பெனி வசூலை விடவில்லை. பஞ்சத்துக்குப் பிந்தைய 1771-ல் வசூலான நிகர வரி, பஞ்சத்துக்கு முந்தைய 1768-ல் வசூலானதைவிட அதிகம் என்று கம்பெனியின் வங்காள ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸே லண்டனில் இருந்த இயக்குநர்களுக்கு எழுதினார். இந்த ஒரு தகவலைச் சேர்த்ததும் அந்தப் பத்திக்கு எழுவாய் கிடைத்துவிடுகிறது.

வகுப்பில் நான் செய்யும் பயிற்சி இதுதான். பாடநூலில் ஒரு பக்கத்தை எடுத்து, வினைச்சொற்களை எல்லாம் அடிக்கோடிடச் சொல்வேன். ‘கைப்பற்றப்பட்டது’, ‘ஒடுக்கப்பட்டது’, ‘இணைக்கப்பட்டது’, ‘ஏற்பட்டது’. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யாரால்?’ என்று எழுத வேண்டும். பதில் அதே பக்கத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் தேட வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று இடங்களாவது வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

ஒரே நிகழ்வுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

பெயர் வைப்பவர் கையில்தான் கதை இருக்கிறது. 1857-ல் நடந்ததைச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று எழுதினால், கட்டுப்பாட்டை மீறிய படைவீரர்களை அரசு அடக்கியது என்று ஆகிவிடும். ‘முதல் இந்திய சுதந்திரப் போர்’ என்று எழுதினால், ஒரு நாடே ஒரே குறிக்கோளுடன் எழுந்தது என்று ஆகிவிடும். இரண்டுமே முழு உண்மையைப் பிடிக்கவில்லை. இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, யார் எதை விரும்புவார்கள், ஏன் என்று கேட்பது நல்ல பாடம்.

இந்தோனேசியா விடுதலை அறிவித்த பிறகு அதைத் திரும்பப் பிடிக்க 1947-லும் 1948 இறுதியிலும் நெதர்லாந்து நடத்திய இரண்டு ராணுவப் படையெடுப்புகளை டச்சு மக்கள் பல பத்தாண்டுகள் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றே அழைத்தார்கள். போர் என்றால் எதிரே ஒரு நாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? 2022-ல் வெளியான பெரிய ஆய்வொன்று, டச்சுப் படைகளின் அத்துமீறிய வன்முறை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்ததல்ல, பரவலாகவே நடந்தது என்று சொன்னது. அன்றைய பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். ஜப்பானில் 1982-ல், சீனாவுக்குள் ஜப்பானியப் படை போனதை ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதுவதா ‘முன்னேற்றம்’ என்று எழுதுவதா என்ற ஒரு சொல் விவகாரம், சீனாவும் தென்கொரியாவும் எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்குப் பெரிதானது.

ஆண்ட நாடுகளின் பள்ளிகளில் இதைச் சொல்லித்தருகிறார்களா?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஒரே நாட்டுக்குள்ளும் வேறுபடுகிறது. இங்கிலாந்தில் 2014-ல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டத்தில், 11 முதல் 14 வயது வரையிலான வரலாற்றுப் பாடத்தில் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கப்பட்ட ஒரே நிகழ்வு, நாஜி ஜெர்மனியின் யூத இன அழிப்பு. பிரிட்டிஷ் பேரரசு ‘இவற்றையும் எடுக்கலாம்’ என்ற வரிசையில் இருந்தது. எடுப்பதும் விடுவதும் பள்ளியின் விருப்பம். பக்கத்திலேயே உள்ள வேல்ஸ் வேறு வழியில் போனது. 2022 முதல் அங்கே கறுப்பின, ஆசிய, சிறுபான்மை மக்களின் வரலாறும் அனுபவங்களும் கட்டாயப் பாடம்.

பிரான்சின் கதை இன்னும் சுவையானது. அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்த 2001-ஆம் ஆண்டுச் சட்டம், பாடத்திட்டத்தில் அவற்றுக்கு உரிய இடம் தர வேண்டும் என்றது. நான்கே ஆண்டுகளில், 2005 பிப்ரவரியில், அதே நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. கடல் கடந்த நாடுகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரான்ஸ் இருந்ததன் ‘நேர்மறையான பங்கை’ப் பள்ளிகள் ஏற்றுச் சொல்லித்தர வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவில் ஒரு வரி. வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். அல்ஜீரியாவும் எதிர்த்தது. அடுத்த ஆண்டே, குடியரசுத் தலைவர் ஷிராக்கின் காலத்திலேயே, அந்த வரி நீக்கப்பட்டது.

ஜப்பானில் பாடநூலை அரசின் கல்வி அமைச்சகம் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். இயெநாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர் தன் பாடநூலில் அமைச்சகம் செய்யச் சொன்ன மாற்றங்களை எதிர்த்து 1965-ல் வழக்குப் போட்டார். மூன்று வழக்குகள், 32 ஆண்டுகள். 1997-ல் உச்ச நீதிமன்றம், சரிபார்க்கும் முறை செல்லும் என்றது. ஆனால் சீனாவில் மனிதர்கள்மீது கொடூரப் பரிசோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. ஒரு பாடநூலுக்காக ஒரு மனிதர் தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் என்னால் இந்தப் பாடத்தை நடத்த முடிவதில்லை.

கனடாவில் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் 94 பரிந்துரைகள் தந்தது. இந்த வரலாற்றை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாக்குவது அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடமே காலனியத்தின் கருவியாக இருந்த கதையைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில் போட்டார்கள், கல்வி தந்தார்கள். நல்லதையும் சேர்த்துச் சொல்வதுதானே நடுநிலை?

இது எல்லாரும் கேட்கும் கேள்வி. நேர்மையாகவே கேட்கிறார்கள் என்பதால் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

ரயிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். 1853-ல் பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே முதல் பயணிகள் ரயில் ஓடியது. பணம் போட்டவர்கள் பெரும்பாலும் பிரிட்டனில் இருந்த முதலீட்டாளர்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 5% வருமானம் உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. ரயில் அந்த அளவுக்குச் சம்பாதிக்கவில்லை என்றால் மீதியை ஈடுகட்டியது இந்திய வரிப்பணம். லாபம் அவர்களுக்கு, நட்டம் இங்கே வரி கட்டியவருக்கு. செலவு எவ்வளவு ஆனாலும் வருமானம் உறுதி என்பதால் சிக்கனம் பார்க்கவும் அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. அதே ரயிலில்தான் பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவர்கள் நாடு முழுவதும் பயணம் செய்தார்கள். இத்தனையும் சேர்ந்ததுதான் ரயிலின் வரலாறு.

‘அடிமை முறையை ஒழித்தவர்களும் அவர்கள்தானே’ என்பதும் இப்படித்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-ல் ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றியது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது போனது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு, ‘சொத்து’ போனதற்காக. அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஊரின் ரயில் நிலையத்தை இன்னொரு ஊரின் பிணங்களோடு எந்த எடைக்கல்லால் நிறுப்பது? ‘நல்லதா கெட்டதா’ என்பதற்குப் பதில் ‘யார் முடிவெடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யாருக்குப் பலன் போனது?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குச் சான்று காட்டிப் பதில் சொல்ல முடியும்.

இவ்வளவு கொடூரத்தை எந்த வயதில் சொல்லலாம்?

கொடூரத்தைக் காட்டாமலே உண்மையைச் சொல்ல முடியும். காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1885 முதல் 1908 வரை அது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமைபோல இருந்தது. அந்தக் காலத்தில் எட்மண்ட் மோரெல் என்ற இளைஞர் ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தா. துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பங்கு. காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருக்கும். திரும்பிப் போகும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும்தான். வாங்கிய பொருளுக்கு விலையாகக் கொடுக்க ஏதாவது போக வேண்டாமா? அப்படி எதுவும் போகவில்லை. அப்படியென்றால் அந்த ரப்பரை அங்கே யாரும் விற்கவில்லை, பிடுங்குகிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். வேலையை விட்டுவிட்டு, உலகம் முழுவதும் திரும்பிப் பார்த்த ஓர் இயக்கத்தை நடத்தினார்.

இதைப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் கணக்குப் புதிராகவே கொடுக்கலாம். இடது பக்கம் வந்த சரக்கு, வலது பக்கம் போன சரக்கு. ‘இதில் என்ன இடிக்கிறது?’ என்று கேட்டால் போதும். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

பதினாறு வயதில் காங்கோவின் ஒரு புகைப்படத்தைக் காட்டலாம். 1904-ல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மதப்பணியாளர் எடுத்தது. இன்சாலா என்ற தந்தை திண்ணை போன்ற ஒரு மேடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் தரையில் அவருடைய ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையும் பாதமும். அவர் அழவில்லை. பார்த்துக்கொண்டு இருக்கிறார். இந்தப் படத்தை முன்னறிவிப்பு இல்லாமல் திரையில் போடக் கூடாது. தேர்வு நாளுக்கு முந்தைய வகுப்பில் போடக் கூடாது. பாடம் முடியும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டு மணி அடித்ததும் பிள்ளைகளை அனுப்பிவிடக் கூடாது. பேச நேரம் இருக்கும் நாளில் மட்டும் காட்டுங்கள்.

முதன்மைச் சான்றுகளை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது?

நிறைய வேண்டாம். இரண்டு போதும், ஒன்றோடொன்று மோதும் இரண்டு.

1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ், ஜாலியன்வாலா பாக். ஜெனரல் டயரின் உத்தரவில் சுமார் பத்து நிமிடம் சுட்டார்கள், 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கில் இறந்தோர் 379 பேர். காங்கிரஸ் விசாரணை அதைவிட மிக அதிகம் என்றது. அரசு அமைத்த ஹண்டர் குழுவின் முன் டயர் சாட்சி சொன்னார். காயம்பட்டவர்களுக்கு உதவ ஏதாவது செய்தீர்களா என்ற கேள்விக்கு, அது தன் வேலையல்ல, மருத்துவமனைகள் திறந்திருந்தன, அவர்கள் அங்கே போயிருக்கலாம் என்றார்.

காங்கிரஸ் விசாரணையில் ரத்தன் தேவி என்ற பெண் தந்த வாக்குமூலம் இரண்டாவது சான்று. பிணங்களுக்கு நடுவே கணவரின் உடலைக் கண்டுபிடித்தார். உடலைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கட்டில் கேட்டு அலைந்தார். எட்டு மணிக்கு மேல் யாரும் வெளியே வரக் கூடாது என்று ஊரடங்கு. வந்தால் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் உதவிக்கு வரவில்லை. திரும்பிப் போய், நாய்கள் நெருங்காமல் இருக்க ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காயம்பட்டவர்கள் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டையும் படிக்கக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். ‘மருத்துவமனை திறந்திருந்தது’ என்ற வரியையும் ‘எட்டு மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது’ என்ற வரியையும் பிள்ளைகளே இணைத்துவிடுவார்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: ஆவணங்களில் பெரும்பகுதி ஆண்டவர்கள் எழுதியவை, அதிலும் எல்லாம் மிஞ்சவில்லை. பிரிட்டன் தன் காலனிகளை விட்டுப் புறப்பட்டபோது, அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகளிடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போனது. பல எரிக்கப்பட்டன. 37 காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் ரகசியமாக இருந்தது, கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2011-ல் வெளியே வந்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சிக் காலத்தில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் அவர்கள். 2013-ல் 5,228 பேருக்குச் சேர்த்து 1.99 கோடி பவுண்டு தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

இதைப் படித்தால் பிள்ளைகளுக்குக் குற்றவுணர்வோ வெறுப்போ வராதா?

அவசரமாகச் சொல்லித்தந்தால் வரும். ‘அவர்கள் கெட்டவர்கள்’ என்று ஒரு இனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் நிச்சயம் வரும். எழுவாயைத் துல்லியமாகச் சொல்வது இங்கேதான் உதவுகிறது. ‘பெல்ஜியர்கள் செய்தார்கள்’ என்பதைவிட ‘லியோபோல்டின் நிர்வாகமும் ரப்பர் கம்பெனிகளும் அவற்றின் காவலாட்களும் செய்தார்கள்’ என்பது உண்மைக்கு அருகில் இருக்கிறது. மோரெல், ஹாரிஸ் போன்றவர்களுக்கும் அந்தக் கதையில் இடம் கிடைக்கிறது. பாட்டனார் செய்ததற்குப் பேரப்பிள்ளை குற்றவாளி அல்ல. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு உண்டு.

உள்ளூர்க்காரர்களே துணை போனார்களே, அதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். 1757-ல் பிளாசிப் போரில், வங்காள நவாபின் தளபதி மீர் ஜாஃபர் இல்லாமல், ஜகத் சேட் குடும்பத்தின் பணபலம் இல்லாமல் கிளைவுக்கு வெற்றி இல்லை. ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கியை நீட்டிய சிப்பாய்களும் ஆங்கிலேயர்கள் அல்லர். ஒரு சிறு நாடு பெரிய நிலப்பரப்பை எப்படி ஆண்டது என்பதற்கு இதுதான் விடை. ‘துரோகி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், அவருக்கு என்ன கிடைத்தது, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால் பாடம் ஆழமாகும்.

ஐரோப்பியர்களை மட்டும்தான் இப்படிக் கேள்வி கேட்பதா?

இல்லை. ஜப்பான் 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்டது. கடைசி ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழியை அகற்றியது, மக்களை ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள நெருக்கியது. உதுமானியப் பேரரசு, ரஷ்யப் பேரரசு எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள்தான்.

தமிழ் படிக்கும் நமக்கும் ஒரு சோதனை இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடல் கடந்து படை அனுப்பினான். அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனை வென்றான், அவன் யானையையும் பெருநிதியையும் கைப்பற்றினான் என்று, கல்வெட்டில் அரசனைப் புகழும் பகுதியான மெய்க்கீர்த்தி பெருமையோடு சொல்கிறது. சோழர் அங்கே நெடுநாள் தங்கி ஆளவில்லை, அதனால் பிற்கால ஐரோப்பியக் காலனியத்தோடு அதை ஒன்றாக வைக்க முடியாது. இருந்தாலும் மெய்க்கீர்த்தி வென்றவன் பேச்சு. அந்தப் பெருநிதி யாருடையது, அன்று கடாரத் துறைமுகத்தில் இருந்தவர் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேட்பது சோழருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. பிறர் பேரரசிடம் கேட்கும் கேள்வியை நம் பேரரசிடமும் கேட்டால்தான் பிள்ளைகள் நம்மை நம்புவார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

எல்லா அத்தியாயத்திலும் செய்ய வேண்டாம். ஆண்டுக்கு ஒரே ஒரு நிகழ்வை எடுத்து இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள். மற்றவற்றை வழக்கம்போல நடத்துங்கள்.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

பாடநூலைப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பக்கம் படியுங்கள். ‘இதைச் செய்தது யார் என்று போட்டிருக்கிறதா?’ என்று கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு இருவருமாகத் தேடுங்கள். அப்புறம், ஆசிரியர் ஒரு கடினமான விஷயத்தை வகுப்பில் எடுத்தார் என்று தெரிந்தால், புகார் சொல்லும் முன் எப்படி எடுத்தார் என்று விசாரியுங்கள். இந்தப் பாடத்தைத் துணிந்து நடத்தும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தனியாக நிற்கிறார்கள்.

கொடி ஏற்றி விடுதலை கிடைத்ததும் பாடம் முடிந்துவிடுகிறதே, அது சரியா?

பல பாடநூல்களில் அப்படித்தான். ஹைட்டியைப் பார்த்தால் அது போதாது என்று தெரியும். அடிமைப்பட்டிருந்தவர்களே பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து 1804-ல் விடுதலை அறிவித்த நாடு அது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, உங்கள் விடுதலையை நாங்கள் ஏற்க வேண்டுமானால் எங்கள் தோட்ட முதலாளிகள் இழந்ததற்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றது. அந்த இழந்த ‘சொத்தில்’ ஹைட்டி மக்களும் அடக்கம். 1838-ல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட ஹைட்டி கடன் வாங்கியது, கடனைக் கட்ட மறுபடியும் கடன் வாங்கியது. கடைசித் தவணை கட்டி முடிந்தபோது ஆண்டு 1947. பிரிட்டன் அடிமை முதலாளிகளுக்குக் கொடுத்த 2 கோடி பவுண்டுக்காக வாங்கிய கடனும் 2015-ல்தான் தீர்ந்தது. அதுவரை அங்கே வரி கட்டியவர்களில், ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோரும் இருந்தார்கள்.